பெயின்ட் மட்டும் நம்மால் ஆகாதாமே!

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கிட் கார் கட்டுகிறவர்கள், புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் புத்திமதி இதுதான்: "எல்லாவற்றையும் நீயே செய்துகொள். பெயின்டை மட்டும் கடையில் விட்டுவிடு." சொல்பவர் எஞ்சினைத் தன் கையால் இறக்கி ஏற்றியவராக இருப்பார். வயரிங் முழுவதையும் தானே இழுத்திருப்பார். ஸ்டீயரிங், பிரேக், பெட்ரோல் குழாய் எல்லாம் அவர் கைவேலை. நிறம் என்று வந்ததும் மட்டும் குரல் இறங்கிவிடும். வீட்டு கேரேஜில் தூசி விழும், பூத் இல்லாமல் பளபளப்பு வராது, பரப்பெல்லாம் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி தட்டும், பார்த்த மாத்திரத்தில் வீட்டு வேலை என்று தெரிந்துவிடும், விற்கப்போனால் விலை போகாது. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லிச் சொல்லி, யாரும் உரசிப் பார்க்காமலே இது உண்மை என்று ஆகிவிட்டது.

இதில் பாதி தவறு. மீதிப் பாதி வேறு ஏதோ ஒரு வேலைக்குப் பொருந்துவது. வீட்டில் பெயின்ட் அடிப்பதில் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

கிட் கார் என்பதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். இந்தியாவில் வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். மேலை நாடுகளில் ஒரு கம்பெனி சேஸிஸ், சஸ்பென்ஷன் பாகங்கள், ஃபைபர் உடல் அல்லது அலுமினியத் தகடுகள் ஆகியவற்றைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவைக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பெரும்பாலும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுத்து, வாங்கியவரே பூட்டிக்கொள்வார். பிரிட்டனில் இந்தப் பழக்கம் வளர்ந்ததற்கு வரியும் ஒரு காரணம். காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் 1957-ல் வந்தபோது, முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் கிடையாது. 1973-ல் அந்த வரி போய் வாட் வந்தது. சலுகை செத்தது, பழக்கம் சாகவில்லை. அதே ஆண்டில் செவனின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹாம் இன்னும் அதைக் கிட்டாக விற்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃபேக்டரி ஃபைவ் 1995-லிருந்து இதே தொழிலில் இருக்கிறது. பழைய கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் அது விற்கும் கிட்டுக்கு அங்கே தனி ரசிகர் கூட்டம்.

இப்படிக் கட்டிய காரை பிரிட்டனில் சாலையில் இறக்க, ஐவிஏ என்ற அரசுச் சோதனையில் தேற வேண்டும். 2009-ல் நடைமுறைக்கு வந்த இந்தச் சோதனையில் பிரேக்கின் பிடியை அளக்கிறார்கள். புகை, சத்தம், விளக்கு, சீட் பெல்ட் எல்லாம் பார்க்கிறார்கள். நடந்துபோகிறவர் மேல் படக்கூடிய வெளி விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்கின்றனவா என்பது வரைக்கும் தடவிப் பார்க்கிறார்கள். பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. வெறும் பிரைமரோடு போனாலும் தேறலாம். நிறம் பற்றி அரசுக்கு வேண்டியதெல்லாம் பதிவுச் சான்றிதழில் எழுத அதன் பெயர். தப்பினால் ஆளைக் கொல்லும் பிரேக் வேலையைச் சட்டம் நம்மை நம்பி விடுகிறது. தப்பினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கக்கூடிய வேலைக்கு நம்மை நம்பாதவர்கள் நாமேதான்.

சரி, கடையில் இருக்கும் வசதி வீட்டில் இல்லையே என்பார்கள். அந்த வசதி எதற்காக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பூத் என்பது ஒரு பெரிய பெட்டி. மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கும், பெயின்ட் புகையைத் தரை வழியாக உறிஞ்சும். தொழிலாளியின் மூச்சுக்கு அது தேவை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. அடித்து முடித்த பிறகு அதே பெட்டியை 60 டிகிரி வரை சூடாக்கி அரைமணி நேரம் வாட்டுகிறார்கள். ஏன் வாட்ட வேண்டும்? அந்தப் பெயின்ட் 20 டிகிரியில் ஒரு இரவு விட்டால் தானே இறுகும். ஆனால் வாசலில் அடுத்த கார் நிற்கிறது. அதை இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பியிருக்கிறது. கொடுத்திருக்கும் மணிக்கணக்குக்கு மேல் ஒரு நிமிடத்துக்கும் காசு வராது. கடையின் சாதனங்கள் கடையின் சங்கடத்தைத் தீர்க்க வந்தவை. அந்தச் சங்கடத்தின் பெயர் நேரம். வீட்டில் அடிக்கிறவருக்கு அடுத்த கார் என்று ஒன்று கிடையாது.

ஒரு கிளைச் செய்தி: அந்தச் சூடு புது ஃபைபர் உடலுக்கு ஆகவும் ஆகாது. பாலியெஸ்டர் ரெசின் அச்சிலிருந்து வெளிவந்த பிறகும் பல வாரம் உள்ளுக்குள் இறுகிக்கொண்டும் சுருங்கிக்கொண்டும் இருக்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் இழை நெசவின் தடம் மேலே தெரியும். ஜெல்கோட் என்ற மேற்பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த காற்றுக்குமிழி வெடித்து ஊசித்துளை விழும். உடலைச் சில வாரம் வெயிலில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குவதுதான் நல்லது. மாதத்துக்கு வாடகை கட்டும் கடைக்காரர் ஒரு ஃபைபர் கூட்டை வாசலில் காயப்போட்டுக் காத்திருப்பாரா?

ஸ்ப்ரே பெயின்டின் வரலாறும் இதையே சொல்கிறது. 1920-களின் தொடக்கம் வரை நல்ல கார்களுக்கு வார்னிஷ் அடிப்படையிலான பெயின்டைத் தூரிகையால் பூசி, காய்வதற்கு வாரக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். தொழிற்சாலையில் கார் எவ்வளவு வேகமாக உருவானாலும் பெயின்ட் கொட்டகையில் வந்து தேங்கிவிடும். அந்தத் தேக்கத்தை உடைக்க ஜெனரல் மோட்டார்ஸும் டூபான்ட்டும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட். 1924 மாடல் ஓக்லேண்ட் கார் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வந்தது. ஸ்ப்ரே கன்னால் அடிக்கலாம், விரைவில் காயும். அழகில் தூரிகை தோற்றதால் வந்த மாற்றமல்ல இது. நாட்கள் மிச்சமாயின, அவ்வளவுதான். வேகத்துக்காக வந்த ஒரு கருவியை நூறு ஆண்டு கழித்து நாம் தரத்தின் அடையாளமாக வைத்துக் கும்பிடுகிறோம்.

கடைப் பெயின்டரின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அவருடைய வித்தையில் மிகக் கடினமானது எது தெரியுமா? பழைய நிறத்தோடு புது நிறத்தை ஒட்டவைப்பது. எட்டு வருட வெயிலில் வெளுத்த வெள்ளி நிறக் காரின் ஒரு கதவை மட்டும் மாற்றியிருப்பார்கள். பக்கத்துத் தகட்டோடு கோடு தெரியாமல் அந்த நிறத்தைக் கரைத்துவிட வேண்டும். அதற்குக் கண் வேண்டும், பல வருடக் கை வேண்டும். நம் கிட் காருக்கு அந்த வித்தையே தேவையில்லை. எல்லாப் பாகமும் புதிது, எல்லாம் ஒரே டப்பாவிலிருந்து நிறம் பெறப்போகிறவை. ஒட்டவைப்பதற்குப் பழைய நிறம் எங்கே இருக்கிறது? மாஸ்கிங் டேப் ஒட்டி மறைக்கும் தலைவலியும் பாதிதான். உடலைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். கதவு, பானெட், டிக்கி எல்லாம் கழற்றிய நிலையிலேயே கிடைக்கின்றன.

கிட் கார் கேட்கும் உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது கடையில் மலிவாகக் கிடைக்காத உழைப்பு.

ஃபைபர் உடல் ஒரே அச்சில் வருவதில்லை. பல துண்டு அச்சுகளைப் போல்ட் போட்டு இறுக்கி, அதற்குள் வார்த்து எடுக்கிறார்கள். அச்சுத்துண்டுகள் சேரும் இடத்திலெல்லாம் உடலின் மேல் ஒரு மெல்லிய வரப்பு நிற்கும். மட்கார்டின் முதுகில் ஒன்று, மூக்கின் இரு பக்கமும் ஒன்று. அதை அரைத்துத் தள்ளி, அடியில் குழி தெரிந்தால் கிளறி, ரெசின் பட்டி வைத்து, மறுபடி தேய்த்துச் சமமாக்க வேண்டும். அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய மெழுகு உடலெங்கும் ஒட்டியிருக்கும். அதை முதலில் துடைத்தெடுக்காமல் உப்புத்தாளை வைத்தால், மெழுகைக் கீறலுக்குள் நாமே ஊட்டிவிட்டோம் என்று அர்த்தம். பிறகு அடிக்கும் பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அலுமினியத் தகடு போட்ட செவன் வகைக் கார் என்றால் கதை வேறு. அதற்கு எட்ச் பிரைமர் வேண்டும். அந்தப் பிரைமரில் அமிலம் இருப்பதால் அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் பட்டி வைக்கக் கூடாது.

அப்புறம் வருகிறது உண்மையான வேலை. கனமான பிரைமரை அடித்து, காய்ந்ததும் அதன்மேல் கறுப்புப் பெயின்டைத் தூறலாகத் தூவ வேண்டும். கைடு கோட் என்கிறார்கள். வளைவோடு வளையும் நீளப் பலகையில் 180 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் மறுக்குமாக இழுத்தால் மேடுகளில் கறுப்பு முதலில் மறையும். நாலு இழுப்புக்குப் பிறகும் ஒரு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு நிற்கிறது என்றால் அங்கே பள்ளம். கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. கையை அகல விரித்து, தேய்த்த திசைக்கு எதிராக மெல்ல நகர்த்தினால் உள்ளங்கைக்குத் தெரியும். மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் ஒரு டியூப் லைட்டைச் சாய்த்துவைத்தால் அதன் பிம்பம் அந்த இடத்தில் நெளியும். மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு, மறுபடி பலகை. பிறகு 320, பிறகு 400. தோள் வலிக்கும், நகத்துக்குள் சாம்பல் நிறம் ஏறும், மூக்குத்துணி கழற்றவே நேரமிருக்காது. கறுப்பு ஒரே சீராக மறையும் நாள் வரும்வரை இதேதான். ஷோரூம் காரைப் போலப் பக்கவாட்டில் வானம் நெளியாமல் தெரிகிறதே, அதைத் தருவது இந்தப் பலகை. கன் செய்வது அதன்மேல் சில பத்து மைக்ரான் நிறத்தைப் போர்த்துவது மட்டுமே.

கடைக்காரர் இந்த உழைப்புக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் அந்தத் தொகை கிட்டின் விலையோடு போட்டிபோடும். அதனால்தான் பல கடைகள் கிட் கார் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகின்றன. ஒப்புக்கொள்ளும் சில கடைகளில், இன்சூரன்ஸ் வேலை இல்லாத நாளில்தான் நம் உடலுக்கு முறை வரும். அதுவரை மூலையில் மற்றவர் தூசி அதன்மேல் படியும். வீட்டில் அடித்தால் தூசி விழும் என்று பயந்தல்லவா அங்கே கொண்டுபோனோம்!

தூசியையும் பேசிவிடலாம். விழும், பூத்திலும் விழும். போட்டிக்கு நிறுத்தும் கார்களின் பெயின்ட் பூத்திலிருந்து அப்படியே வந்ததல்ல. 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 2000, 3000 என்று நீரூற்றித் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றியது. நாலு கோட் அடித்தால் நூறு மைக்ரான் அளவுக்குத் தடிமன் கிடைக்கும். அதில் பத்து மைக்ரானைத் தேய்த்தெடுத்தால் தூசித் துகளும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தே போய்விடும். அந்த ஆரஞ்சுத் தோல் கம்பெனியிலிருந்து வரும் புதுக் கார்களிலேயே தாராளமாக இருக்கிறது. அடுத்த முறை ஷோரூம் போனால் கதவில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். கேரேஜில் தரையை நனைத்து, சுவரில் பிளாஸ்டிக் ஷீட் தொங்கவிட்டு, காற்று நுழையும் பக்கம் வடிகட்டித் துணி கட்டினால் துகள்கள் எண்ணக்கூடிய அளவுக்கு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறுப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். மெட்டாலிக் நிறம் வீட்டுக்கு ஆகாது. அதிலுள்ள அலுமினியச் செதில்கள் கன் பிடித்த தூரத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்துப் படுக்கும். கதவை ஒரு நாள் படுக்கவைத்தும் உடலை இன்னொரு நாள் நிறுத்திவைத்தும் அடித்தால் இரண்டும் இரண்டு காராகத் தெரியும். ஒரே நிறமான பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று போனால் இந்தத் தொல்லை இல்லை; கிட் கார்களின் பழைய வடிவத்துக்குப் பொருந்துவதும் அவைதான் என்பது என் கட்சி. கம்ப்ரசர் பற்றிய பயத்துக்கு இவ்வளவு இடம்கூடத் தேவையில்லை. வீட்டு 50 லிட்டர் கம்ப்ரசரால் நிறையக் காற்றுக் கேட்கும் பெரிய எச்விஎல்பி கன்னுக்குத் தொடர்ந்து காற்றுக் கொடுக்க முடியாது, மெய்தான். குறைந்த காற்றில் ஓடும் சிறிய கன் இருக்கிறது, கம்ப்ரசரே வேண்டாத டர்பைன் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு கதவு என்று அடிக்க யாரும் தடை சொல்லவில்லை.

இனி அந்தப் பட்டியலில் இல்லாத விஷயம். இன்று கார்களுக்கு அடிக்கும் டூ-பேக் பெயின்டை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பிரிட்டனில் வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. கார் ஸ்ப்ரே பெயின்டர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறவர்கள். இதன் குணம் கெட்ட குணம். ஒருமுறை நுரையீரல் இதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாலும் இல்லை. ஆபத்தான அளவில் காற்றில் இருக்கும்போதும் மூக்குக்கு வாசம் தெரியாது. கரி வடிகட்டி போட்ட முகமூடி எப்போது நிரம்பிவிட்டது என்பதும் தெரியாது. அடித்து முடித்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பனி பல நிமிடம் அறையில் நிற்கும். பரப்பைப் பார்க்கிற ஆசையில் முகமூடியைத் தூக்குகிறவர் அதைத்தான் இழுக்கிறார். டப்பாவின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஹார்ட்னரைக் கலந்துவிடும் டூ-பேக் ஸ்ப்ரே கேன்களிலும் இதே சரக்கு இருக்கிறது. அதைப் பூச்சிமருந்து அடிப்பதுபோல வெறும் முகத்தோடு அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பளபளப்பு வராது என்று நம்மைத் தடுக்க ஓடிவரும் அனுபவசாலிகளில் எத்தனை பேர் இதைச் சொல்லித் தடுக்கிறார்கள்?

ஆனால் இதற்கும் விடை "கடைக்குக் கொடு" என்ற ஒன்று மட்டுமல்ல. வெளியே சுத்தமான காற்றில் வைத்த புளோயரிலிருந்து குழாய் வழியாக முகத்துக்குக் காற்று வரும் ஏர்-ஃபெட் முகமூடி, உடல் மூடும் உடை, கையுறை, வீட்டோடு ஒட்டாத கேரேஜ், நல்ல வெளியேற்றம் எல்லாம் இருந்தால் டூ-பேக் அடிக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயின்டைத் தொடாதீர்கள். அப்போது வேறு பெயின்ட் இருக்கிறது. 1953-ல் வந்த முதல் கார்வெட் ஃபைபர் உடல் கொண்ட கார். அதன் வெள்ளை நிறம் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். ஐசோசயனேட் அதில் கிடையாது. தின்னர் ஆவியாகியே காய்வதால் தூசி ஒட்டுவதற்குள் தொட்டுப்பார்க்கலாம். அடுத்த கோட் முந்தின கோட்டைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகும் என்பதால் திருத்துவது சுலபம். பெட்ரோல் சிந்தினால் கறைபடும், வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் கேட்கும். பிரிட்டனில் இன்று இதைப் பழைய வாகனங்களைப் புதுப்பிக்க என்ற நிபந்தனையோடு விற்பதால் புதுக் கிட்டுக்கு வாங்குவது கொஞ்சம் சிக்கல்.

இன்னும் எளிய வழி கோச் எனாமல். கால்வாய்களில் ஓடும் குறுகிய படகுகளுக்கும் பழைய நீராவி எஞ்சின்களுக்கும் பிரிட்டனில் இன்றும் இதைத் தூரிகையால் பூசுகிறார்கள். ஃபோம் ரோலரால் உருட்டி, உடனே மெல்லிய தூரிகை நுனியால் ஒரே திசையில் வருடிவிட வேண்டும். காய்ந்ததும் நீரூற்றித் தேய்த்து அடுத்த கோட். பனியாகத் தெறிப்பது எதுவும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தால் போதும். டூ-பேக் அளவு கடினம் வராது, முழுதாக இறுக வாரங்கள் ஆகும். ரோலர் என்றவுடன் சிரிக்கிறவர் அந்தப் படகுகளில் ஒன்றின் பக்கவாட்டில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

தீயைப் பற்றி ஒரு வரி: அமெரிக்க கேரேஜ்களில் பலவற்றில் எரிவாயு வாட்டர் ஹீட்டர் நிற்கும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்துபோய் அதன் சுடரைத் தொடும். அதை அணைக்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. பிரிட்டனில் 1990-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டிலிருந்து வரும் புகையும் தொல்லைப் புகாருக்கு உட்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் துணி காயப்போட்டிருக்கும் நாளில் கன்னை எடுக்காமல் இருப்பது மரியாதையும் சட்டமும்.

விலை போகாது என்கிற கடைசி வாதத்துக்கு வருவோம். கிட் கார் வாங்க வருகிறவர் யார்? முதலில் குனிந்து சேஸிஸ் வெல்டிங்கைப் பார்க்கிறவர். அடுத்து சோதனைச் சான்றிதழ், அடுத்து கட்டும்போது எடுத்த படங்கள். வரப்பை அரைத்ததிலிருந்து கைடு கோட் மறைந்ததுவரை படம் இருந்தால், எந்தக் கடை அடித்தது என்ற கேள்வியே எழாது. கடை அடித்த காரில் அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு இடமில்லை, ஏற்கனவே ஆஸ்துமா இருக்கிறது என்பவர் கடைக்கே போகட்டும், அதில் தவறில்லை. போகிறவர் விலை கேட்கும்போது ஒன்றைத் தனியாகக் கேட்டுப் பார்க்கலாம்: அச்சு வரப்பை எடுத்து, பலகை போட்டுச் சமமாக்க எவ்வளவு, நிறம் அடிக்க எவ்வளவு? முதல் தொகையைக் கேட்டு முகம் மாறுவதைக் கண்டு, "அந்த வேலையை நீங்களே முடித்து பிரைமரோடு கொண்டுவந்தால் குறைத்துத் தருகிறேன்" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். வேறு சிலர், அடியில் இருப்பதற்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்று மறுத்துவிடுவார்கள். முதல் வகைக் கடைக்காரரிடம் அப்படியே கொண்டுபோனால் அவருக்கு மிஞ்சுவது ஒரு பிற்பகல் வேலை. அந்தப் பிற்பகலுக்கு அவர் கேட்கும் காசையும், ஏர்-ஃபெட் முகமூடியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.